இரண்டு பேரையும் அனுப்புங்கள்

(ஹைதராபாத் சனத்நகரில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிய வழியனுப்புக் கூட்டத்தில் பேசியது)



வழியனுப்புக் கூட்டம் என்றால் வாழ்த்திப் பேசிவிட்டு உட்காருவதுதான் வழக்கம். வாழ்த்த எனக்கும் மனசு நிறைய இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் உங்களோடு வழக்காட வேண்டிய காரியம் ஒன்று உண்டு. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்தத் தம்பி, பாலாநகரில் லேத் பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான். பக்கத்தில் இருக்கும் தங்கச்சி, நர்ஸ் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மிஷனெரிப் பயிற்சிக்காகக் கடல் கடந்து போகிறார்கள். சபையாரே, நீங்கள் எத்தனை பேரை அனுப்புகிறீர்கள்?

இரண்டு பேர் என்பீர்கள். கையில் இருக்கிற நோட்டீஸைப் பாருங்கள். தம்பியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "துணைவியாருடன்" என்று போட்டிருக்கிறது. ஜெப அட்டையில் அவன் பெயர். காணிக்கை அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கு அவன் பெயரில். பயிற்சிக் கட்டணம் கட்டியிருப்பது ஓர் ஆளுக்கு. அவளுக்கு எடுத்திருப்பது டிபெண்டன்ட் விசா. அந்த விசாவில் போகிறவர்களுக்குப் பல நாடுகளில் வேலை செய்ய அனுமதி கிடையாது, படிக்கவும் கட்டுப்பாடு உண்டு. ஊசி போடவும், பிரசவம் பார்க்கவும், சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்லவும் தெரிந்த பெண், அங்கே போய் அறைக்குள் சோறு பொங்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஒரு மிஷனெரியை அனுப்புகிறோம், கூடவே ஒரு பெண்ணையும் ஏற்றிவிடுகிறோம். இது தப்பு. இருநூறு வருஷத்துக்கு மேலாக நடந்துவரும் தப்பு. அதற்கு விலை கொடுத்த பெண்களைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

வில்லியம் கேரியை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். செராம்பூர், அச்சுக்கூடம், 1801-இல் வெளிவந்த வங்காளப் புதிய ஏற்பாடு எல்லாம் ஒப்பிப்பார்கள். அவருடைய மனைவி டாரதியைப் பற்றி எந்த ஞாயிறு பள்ளியில் பாடம் நடந்திருக்கிறது? 1781-இல் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருக்கல் குறி போட்டவர் அந்த அம்மாள். 1793-இல் கேரி இந்தியாவுக்குப் புறப்பட்டபோது பிள்ளைத்தாய்ச்சி. நான் வரவில்லை என்று வாய்விட்டுச் சொன்னார். கேரி மூத்த மகன் பீலிக்ஸை மட்டும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லை என்று அந்தக் கப்பலிலிருந்து அவர்களை இறக்கிவிட்டார்கள். வேறு கப்பலுக்குக் காத்திருந்த நேரத்தில் கேரி திரும்ப வீட்டுக்கு வந்து வற்புறுத்தினார். அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. என் தங்கச்சி துணைக்கு வந்தால் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார் டாரதி. சில வாரக் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு டேனிஷ் கப்பலில் ஐந்து மாதம் கடலில் வந்தார். மறு வருஷம் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனான். அதற்குப் பிறகு அவருடைய மனம் கலங்கியது. 1807 டிசம்பரில் சாகும்வரை தெளியவில்லை. அவரை ஓர் அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். அடுத்த அறையில் வேதம் மொழிபெயர்ப்பாகிக்கொண்டிருந்தது.

கேரியைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. அவரை அனுப்பிய சங்கத்தைக் கேட்கிறேன்: அந்த அம்மாளை ஆயத்தப்படுத்த நீங்கள் என்ன செய்தீர்கள்? நமக்குப் பக்கத்திலேயே எர்ரகட்டா மனநல மருத்துவமனை இருக்கிறது. அந்த வாசலில் காத்திருக்கும் குடும்பங்களை நாம் தினமும் பார்க்கிறோம். மனசு உடைந்த ஊழியக்காரர் மனைவியை விசுவாசக் குறைவு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறவர்கள் நம் நடுவில் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு இந்தச் சபையில் இனி எழக்கூடாது.

அதே பாதையில் போன இன்னொரு பெண், ஆன் ஜட்சன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பெண், வயது 22. ஆனைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்டு அடோனிராம் ஜட்சன் அவருடைய தகப்பனாருக்குக் கடிதம் எழுதினார். உங்கள் மகளை இந்த உலகத்தில் இனிமேல் நீங்கள் பார்க்காமலே போகலாம், சம்மதமா என்று ஒளிவுமறைவில்லாமல் கேட்டிருந்தார். தகப்பன் முடிவை மகளிடமே விட்டார். மகள் போகிறேன் என்றார். 1812 பிப்ரவரி 5-ஆம் தேதி கல்யாணம். 19-ஆம் தேதி கப்பல். அதே கப்பலில் ஹாரியட் நியூவெல் என்று 18 வயதுப் பெண்ணும் புருஷனோடு வந்தார். கல்கத்தாவில் தங்கவிடாமல் கம்பெனி விரட்டியது. மொரிசியஸுக்குப் போகும் வழியில் கடலிலேயே ஹாரியட்டுக்குப் பிள்ளை பிறந்து இறந்தது. கரை சேர்ந்த கொஞ்ச நாளில் அவரும் இறந்தார். அப்போது வயது 19. ஒரு ஆத்துமாவுக்குக்கூட சுவிசேஷம் சொல்லும் வாய்ப்பு அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

ஜட்சன் தம்பதி 1813 ஜூனில் நம் சென்னைப் பட்டணத்தில் இறங்கி, அங்கிருந்து ரங்கூனுக்குக் கப்பல் பிடித்தார்கள். வழியில் ஆனுக்கு முதல் பிள்ளை செத்துப் பிறந்தது. அதோடு அவர் படுத்துவிடவில்லை. புருஷனும் மனைவியும் சேர்ந்தே பர்மிய மொழி படித்தார்கள். வீட்டு வேலைக்காரர்களோடும் கடைக்காரர்களோடும் பேசி ஆனுக்குப் பேச்சு மொழி புருஷனைவிட நன்றாக வந்தது. தானியேல், யோனா புத்தகங்களைப் பர்மிய மொழியில் பெயர்த்தார். தாய்லாந்துக்காரர்களின் மொழியையும் கற்று மத்தேயு சுவிசேஷத்தை அதில் பெயர்த்தார். 1824-இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் சண்டை வந்தபோது ஜட்சனைப் பிடித்து விலங்கு மாட்டி ஆவா சிறையில் போட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு அதிகாரிகள் வீடுவீடாக ஏறி இறங்கிக் கெஞ்சியவர் ஆன். சிறைக்குச் சோறு கொண்டுபோனவர் ஆன். மொழிபெயர்ப்புக் கைப்பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குள் அனுப்பியவர் ஆன். பர்மியக் கிறிஸ்தவர்கள் இன்றும் ஜட்சன் வேதாகமத்தை வாசிக்கிறார்கள். அந்தத் தலையணை இல்லாவிட்டால் அந்த வேலை என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டாரதிக்கும் ஆனுக்கும் பக்தியில் ஏற்றத்தாழ்வு இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒருவரிடம் சம்மதம் கேட்டார்கள், படிப்பு இருந்தது, மொழி கற்க இடம் இருந்தது. மற்றவரை மூட்டைமுடிச்சோடு சேர்த்து ஏற்றினார்கள்.

நம் வீட்டுக் கதையையே பாருங்களேன். ஆல்வின் கம்பெனிக்கும் பாலாநகர் பட்டறைகளுக்கும் வேலைக்கு வந்து இந்த மண்ணில் ஊன்றிய குடும்பங்கள்தான் இங்கே பாதிப் பேர். அப்பாமார் ஷிப்டுக்குப் போய்த் தமிழ்க் கூட்டாளிகளோடு தமிழே பேசிக்கொண்டு திரும்பினார்கள். காய்கறி வாங்கவும், ரேஷன் கடையில் சண்டை போடவும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் தெலுங்கு கற்றவர்கள் நம் அம்மாமார். அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் பேறு என்று அறிந்து ஓடியவர்களும் அவர்கள்தான். புது மண்ணில் முதலில் வேர்விடுவது யார் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை அறிந்து செய்த ஒருவர் நம்மவர்தான். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1898-இல் அன்பு மாரியம்மாளை வரதட்சணை வாங்காமல் கல்யாணம் செய்தார். அந்தக் காலத்திலேயே கல்லூரிப் படிப்புப் பார்த்த பெண் அன்பு அம்மாள். 1902-இல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே அமெரிக்க மிஷனில் வளர்ந்த தமிழ் வாலிபர்கள், தங்கள் சொந்தப் பணத்தில் ஊழியரை வெளியே அனுப்பிக்கொண்டிருந்ததைக் கண்டார். அந்த மிஷனிலும் ஒரு பெண்ணின் கை உண்டு. 1824-இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிய ஹாரியட் வின்ஸ்லோ அவர். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் கண்டது அசரியாவின் மனதில் தைத்தது. மறு வருஷமே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் பிறந்தது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்தியத் தலைமை.

1909-இல் அசரியா குருப்பட்டம் பெற்று, குடும்பத்தோடு டோர்னக்கலுக்கு வந்தார். இன்றைக்கு செகந்திராபாத்தில் ரயில் ஏறினால் அன்றைக்கே போய்ச் சேரலாம். அன்றைக்கு அது நிஜாமின் நாடு. நாணயம் வேறு, தபால்தலை வேறு, பாஷை வேறு. திருநெல்வேலிக் குடும்பத்துக்கு அதுவே வெளிநாடு. அங்கே தெலுங்கு கற்று, தீண்டாமைக்கு ஆளான மக்களின் நடுவில் வேலை செய்தார்கள். அன்பு அம்மாள் கிராமத்துப் பெண்கள் நடுவில் தம் பங்கைத் தாமே சுமந்தார். ஊழியப் பயிற்சிக்கு வந்த கிராமத்து ஆண்களோடு அவர்கள் மனைவிமாரும் வந்து பாடம் கேட்டார்கள். 1912-இல் அசரியா ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1910-இல் எடின்பரோ மாநாட்டில், எங்களுக்காகத் தியாகம் செய்கிறீர்கள், எங்களோடு நட்பாக இருக்க மாட்டேன் என்கிறீர்களே என்று வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே கேட்டவர் அவர். அந்த நியாயத்தை நம் வீட்டுக்குள்ளும் கேட்க வேண்டும். நம் பெண்களின் தியாகத்தை வாங்கிக்கொள்கிறோம். கமிட்டியில் அவர்களுக்கு ஒரு நாற்காலி போடுகிறோமா?

என் கதையையும் ஒரு நிமிஷம் சொல்கிறேன். வாலிப வயதில் நானும் என் வீட்டுக்காரரோடு வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போனவள். ஆண்களுக்குக் காலையில் வேத வியாக்கியானமும் அந்த நாட்டு மொழியும் வகுப்பு. எங்களைப் போன்ற மனைவிமாரை ஒரு பின்னறையில் உட்காரவைத்து, பிளானல் துணி போர்த்திய பலகையில் ஆட்டுக்குட்டிப் படத்தையும் மேய்ப்பன் படத்தையும் ஒட்டிக் கதை சொல்லப் பழக்கினார்கள். சிறுபிள்ளை ஊழியம் பெரிய ஊழியம்தான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எந்த மொழியில் நான் கதை சொல்வேன்? அந்த மொழி வகுப்பின் கதவு எனக்கு அடைத்திருந்தது. காய்ச்சலில் துடித்த பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தாய் என்னிடம் ஓடிவந்து எதையோ சொல்லி அழுதாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிந்து பின்னால் போக வேண்டியவள்தானே என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். வேதத்தைத் திறந்து பாருங்கள். கிலவுதியு ராயன் ரோமாபுரியிலிருந்து விரட்டிய ஒரு தம்பதி கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்தார்கள். அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தில் அவர்கள் பவுலோடு கப்பலேறும் இடத்தில், புருஷன் பெயருக்கு முன்னால் மனைவி பிரிஸ்கில்லாளின் பெயர் வருகிறது. ரோமர் 16-இலும் அப்படியே. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்திலும் அப்படியே. வேதபாண்டித்தியமுள்ள அப்பொல்லோவுக்கு வழியைத் திருத்தமாக எடுத்துச் சொன்னவர்கள் இருவரும். பவுலே அவள் பெயரை முதலில் எழுதும்போது, நம் நோட்டீஸில் அது காணாமல் போவதற்கு என்ன நியாயம்?

நியாயம் கிடையாது. காரணம் உண்டு, அது பணம். இன்றைய பயிற்சிப் பள்ளிகளின் நடைமுறை உங்களுக்குத் தெரியும். 1960-இல் தொடங்கிய ஒய்வாம் மிஷனெரி இயக்கத்தின் சீஷத்துவப் பயிற்சியானாலும், ஜீடிமெட்லாவிலும் மையம் வைத்திருந்த ஓ.எம். இயக்கத்தின் லோகோஸ் ஹோப் கப்பலானாலும், போகிறவருக்குச் சம்பளம் இல்லை. சமையற்கட்டு, சலவை, புத்தகக் கடை, இயந்திர அறை என்று உழைப்பும் அவர்களுடையது, செலவுக்குத் தாங்குவோரைத் தேடுவதும் அவர்கள் பாடு. செலவு தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. அங்கேதான் கமிட்டி பேனாவை எடுத்து ஒரு தலையை அடிக்கிறது. அடிபடுவது எப்போதும் பெண்ணின் தலை.

தாய்மார்களே, அந்தப் பணம் யாருடையது? உலை வைக்குமுன் பானையிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்த நம் பாட்டிமாரின் கையிலிருந்து தொடங்கிய பணம் அது. திருநெல்வேலிச் சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை எத்தனையோ ஊழியங்களைத் தாங்கியிருக்கிறது. பெண்கள் பிடித்து வைத்த அரிசியில், ஒரு பெண்ணின் படிப்புக்குப் பங்கில்லை என்று சொல்ல இங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை.

தங்கச்சி, உனக்கும் ஒரு வார்த்தை. போகும் இடத்தில் உடம்பு முடியாவிட்டால், மனசு தாங்காவிட்டால் எழுது. எழுதுவது அவமானமில்லை. திரும்பி வருவதும் அவமானமில்லை. போகும் ஊர் மக்களை அஞ்ஞானிகள் என்று பேசிக்கொண்டு இறங்காதே. அவர்களோடு சாப்பிடு, அவர்கள் பாஷையில் அழவும் சிரிக்கவும் பழகு. தம்பி, அவள் மொழி வகுப்புக்குப் போகிற நேரத்தில் அடுப்பு உன் பொறுப்பு.

சபையாரே, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. பயிற்சிக் கட்டணத்தை இரண்டு பேருக்கும் கட்ட வேண்டும். அவளுக்கு மாணவர் விசா எடுக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு இருவர் பெயரிலும் வேண்டும். தாங்குதல் பணத்தில் பாதி அவள் பெயரில் தனிக் கணக்குக்குப் போக வேண்டும். பணம் போதாது என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். சேர்ந்த பிறகு இருவரையும் அனுப்புங்கள். அந்தக் கூட்டத்துக்கு ஆண்கள் மட்டும் வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். தாய்மார் எல்லாரும் வாருங்கள். வந்து எழுந்து நின்று கேளுங்கள்.