நிலாவரையும் நிரூபணமும்



மலச்சிக்கலுக்குரிய மருந்துகளை மருத்துவ உலகம் எவ்வாறு சோதித்து அறிகிறது என்பதே இன்றைய என் பேச்சின் பொருள். கேட்டவுடன் உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதில் பிழையில்லை, நகைத்து முடித்தபின் சற்றுச் செவிசாயுங்கள். நாணத்தால் நாம் வாய்திறவாத நோய்களுள் இது தலையாயது. நாம் வாய்திறவாமையால் இந்நோய் வளர்கிறது. போலி மருந்துகளும் நன்றாக விலைபோகின்றன.

திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த பூமி. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கும். இத்தகைய ஊர்களில் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில் நான் பல முறை கண்டதொன்று உண்டு. காலையில் பள்ளிக்குப் புறப்படும் மாணவி, மாலையில் வீடு திரும்பும்வரை ஒரு குவளை நீரும் அருந்தமாட்டாள். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இராது. ஆதலால் அங்கே செல்ல நேராதபடி தாகத்தையும் அடக்குவாள், இயற்கையின் அழைப்பையும் அடக்குவாள்.

அடக்குவதனால் விளைவது யாது? உண்ட உணவின் சக்கையிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்வது பெருங்குடலின் வேலை. சக்கை அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்கு நீர் உறிஞ்சப்பட்டு மலம் இறுகும். இறுகிய மலம் வெளிப்படும்போது வலிக்கும். வலிக்கு அஞ்சி மறுபடியும் அடக்குவோம். நாளடைவில் குடலின் உணர்ச்சியே மழுங்கிவிடும். வாரத்தில் மூன்று முறைக்கும் குறைவாக மலம் கழிதல், முக்கி வருந்துதல், மலம் கட்டிப்போதல், கழித்த பின்னும் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றுதல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். நாள்தோறும் ஒருமுறை கழிந்தே தீரவேண்டும் என்று விதி ஏதும் இல்லை.

இந்நோய்க்கு உலகெங்கும் வழங்கும் மருந்துகளுள் ஒன்று நம் தென்பாண்டிச் சீமையின் விளைபொருள் என்பதைப் பலர் அறியார். நிலாவரை என்றும், நிலவாகை என்றும், சூரத்தாவாரை என்றும் அதனை அழைப்பார்கள். அரபு நாட்டிலிருந்து வந்து நம் மானாவாரி நிலத்தில் வேரூன்றிய செடி அது. நம் காட்டு ஆவாரைக்கு உறவு. தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே கடல் கடந்து சென்றதனால், மேலை நாட்டு மருந்து நூல்களில் அதற்குத் ‘திருநெல்வேலி சென்னா’ என்றே பெயர்.

சுவிட்சர்லாந்து தேசத்து வேதியியல் அறிஞர் ஆர்தர் ஸ்டோலும் அவருடைய துணைவர்களும் 1940-களில் அவ்விலையின் ஆற்றலுக்குக் காரணமான பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றிற்குச் சென்னோசைடு என்று பெயர். அப்பொருள்கள் இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெரும்பாலும் மாற்றமின்றிக் கடந்து பெருங்குடலை அடைகின்றன. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்த பின்னரே அவை மருந்தாகின்றன. குடலின் அசைவைத் தூண்டுகின்றன. நீர் உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. உட்கொண்ட ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் பயன் தெரியும். இரவில் உண்ணச் சொல்வதன் காரணம் இதுவே.

சரி, அம்மருந்து மெய்யாகவே குணம் தருகிறது என்பதற்குச் சான்று என்ன? ‘என் பாட்டி கொடுத்தாள், எனக்குக் குணமாயிற்று’ என்பது சான்றாகுமா? ஆகாது என்கிறது விஞ்ஞானம். அது பாட்டியை இகழவில்லை. மலச்சிக்கல் தானே கூடும், தானே குறையும் இயல்புடையது. மருந்து உண்ணத் தொடங்கும் நாளில் நாம் நீரும் கீரையும் சற்று மிகுதியாகவே கொள்வோம். மருந்து உண்டோம் என்ற நம்பிக்கையும் ஓரளவு ஆறுதல் அளிக்கும். இம்மூன்றையும் கழித்த பின் எஞ்சுவதே மருந்தின் பங்கு.

டெனிஸ் பர்க்கிட் என்ற அறுவை மருத்துவர் உகாண்டா நாட்டில் நெடுங்காலம் பணிபுரிந்தவர். அவரும் துணைவர் இருவரும் ஏறத்தாழ 1200 பேரை ஆராய்ந்து 1972-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நார் மிகுந்த உணவை உண்ட ஆப்பிரிக்கச் சிற்றூராரின் குடலை உணவு சுமார் ஒன்றரை நாளில் கடந்தது. தீட்டிய மாவை உண்ட ஆங்கிலேயருக்கோ மூன்று நாளுக்கு மேலாயிற்று. கம்பும் சோளமும் வரகும் விளையும் கரிசல் காட்டாருக்கு இச்செய்தி இனிக்கும். ஆயினும் அவ்விரு மக்களும் உணவில் மட்டுமா வேறுபட்டார்கள்? உழைப்பில் வேறுபட்டார்கள், நடையில் வேறுபட்டார்கள், தட்பவெப்பத்தில் வேறுபட்டார்கள். இத்தகைய கண்டறிதல் சிறந்ததொரு வினாவை எழுப்பும். ஐயமற்ற விடைக்கு ஒப்புநோக்குச் சோதனை வேண்டும்.

அச்சோதனையின் முறை எளிது. ஒரே வகை நோயாளர் பலரைச் சேர்த்து, யாருக்கு எம்மருந்து என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டு முடிவுசெய்வார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்து; மற்றொரு பகுதியினருக்கு மருந்தைப் போலவே தோன்றும் வெற்று மாத்திரை. எது யாருக்குக் கிடைத்தது என்பதை நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். திருவுளச்சீட்டு முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1956-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ ஆய்வு நிலையத்தில், வீட்டிலிருந்தே மருந்து உண்பவரையும் மருத்துவ விடுதியில் தங்கி உண்பவரையும் இவ்வாறே பிரித்து ஒப்பிட்டார்கள். வீட்டு மருத்துவமும் ஏறத்தாழ அதே அளவு பயன் தருகிறது என்ற அம்முடிவு 1959-இல் வெளியாகி, உலகின் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது.

நிலாவரையும் இத்தகைய தேர்வை எழுதியிருக்கிறது. ஜப்பானில் நாட்பட்ட மலச்சிக்கல் உடைய 90 பேரை மூன்று குழுவாகப் பிரித்து 28 நாள் சோதித்த முடிவு 2021-இல் வெளியாயிற்று. ஒரு குழுவினர் சென்னாவும், ஒரு குழுவினர் மெக்னீசியம் ஆக்சைடும், ஒரு குழுவினர் வெற்று மாத்திரையும் உண்டனர். வெற்று மாத்திரை உண்டவர்களுள் பத்தில் ஒருவரே நலமடைந்ததாகக் கூறினர். மற்ற இரு குழுக்களிலும் பத்தில் ஏழு பேர் அவ்வாறு கூறினர்.

இனி, சோதனை சொல்லாததையும் நாம் நோக்கவேண்டும். 90 பேரையும் 28 நாளையும் கொண்டு, ஆண்டுக்கணக்கில் உண்ணலாம் என்று எவரும் தீர்ப்பளித்துவிட முடியாது. இதனால்தான் அமெரிக்கக் குடல்நோய் மருத்துவச் சங்கங்கள் இரண்டும் 2023-இல் சேர்ந்து வகுத்த நெறிமுறையில், சான்று வலுவாக உள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மருந்தை உறுதியாகப் பரிந்துரைத்தன. சென்னாவையும், இசப்கோல் போன்ற நார்ப்பொருள்களையும் நிபந்தனையுடன் பரிந்துரைத்தன. சான்று எவ்வளவோ அவ்வளவே சொல்லும் அடக்கம் அறிவுக்கு அணிகலன்.

ஆகவே நிலாவரை நம் மண்ணில் விளைவது என்பதற்காக அதனை நாள்தோறும் மென்று தின்னவேண்டா. மிகுந்தால் வயிற்றுப்போக்கும், வயிற்றுவலியும், உடலில் உப்புக் குறைவும் நேரும். மாதந்தோறும் விளக்கெண்ணெய் கொடுத்துப் பிள்ளைகளை வாட்டும் வழக்கத்தையும் விட்டொழிக்கலாம். மலத்தில் குருதி, கடும் வயிற்றுவலி, வாந்தி, உடல் மெலிவு இவற்றுள் ஒன்று காணினும் மருத்துவரிடம் செல்வதே முறை.

மாணவ நண்பர்களே! நீர் அருந்துங்கள். தவிடு நீக்காத தானியமும், கீரையும், பழமும் உண்ணுங்கள். இயற்கையின் அழைப்பை அடக்காதீர்கள். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லையெனில், நாணமின்றி ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஆசிரியப் பெருமக்களே, அதனைக் கேட்டு ஆவன செய்யுங்கள். எந்தப் பாடத்தையும்விட அது முந்தியது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். ‘இம்மருந்து ஆயிரம் பேரைக் குணப்படுத்தியது’ என்று எவரேனும் உரைத்தால், ‘அதை உண்ணாத ஆயிரம் பேர் என்ன ஆனார்கள்?’ என்று பணிவோடு கேளுங்கள். அக்கேள்விக்கு விடையுள்ள மருந்தையே நம்பி உண்ணலாம்.