பிடி ஒன்று, பூ பல

சிறுகைத்தொழில் பற்றிப் பேசச் சொன்னீர்கள். கைத்தறி, பாய், மட்பாண்டம் என்று மேடைகளில் வழக்கமாக வருபவற்றை விட்டுவிட்டு, யாரும் பேசாத ஒரு சின்னச் சாமானை எடுத்துக்கொள்கிறேன்: கொக்கிஸ் பலகாரம் பொரிக்கும் அச்சு. சித்திரைக்கும் பெருநாளுக்கும் நத்தாருக்கும் பரணிலிருந்து இறங்கி, வேலை முடிந்ததும் கடதாசியில் சுற்றப்பட்டுத் திரும்பவும் பரணேறும் அச்சுதான். அதை வார்க்கிறவர் அந்தத் தொழிலால் பிழைக்க முடியுமா? முடியும். ஆனால், கடன் கொடு, மெசின் கொடு, பயிற்சி கொடு என்று நாம் ஓதிவரும் வழியால் முடியாது என்பதே என் வாதம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். மரப்பிடி, நீளமான கம்பி, கம்பியின் நுனியில் பூவோ சக்கரமோ. காய்ந்த எண்ணெயில் அச்சை வைத்துச் சூடேற்றி, அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்த கரைசலில் முக்கால் உயரம் தோய்த்து, மறுபடி தாச்சியில் இறக்குவார்கள். சூடு போதாவிட்டால் மாவு பிடிக்காது. விளிம்புக்கு மேலே மாவு ஏறிவிட்டால் பலகாரம் அச்சைக் கவ்விக்கொண்டு கழல மறுக்கும். இதெல்லாம் சமைப்பவரின் கைப்பக்குவம். வார்ப்பவரின் பக்குவம் சுவரின் சரிவில் இருக்கிறது. பூவிதழின் ஒவ்வொரு சுவரும் மேலே தடித்து, கீழே போகப் போக மெலிய வேண்டும். வார்ப்பு மண்ணில் அழுத்திய மாதிரிக் கருவை, மண்ணைச் சிதைக்காமல் வெளியே எடுக்க இந்தச் சரிவு வேண்டும். வெந்த பலகாரம் அச்சிலிருந்து வழுக்கி இறங்கவும் இதே சரிவுதான் வேண்டும். ஒரே கணக்கு பட்டறையிலும் குசினியிலும் வேலை செய்கிறது! பிஸ்கட் மாவு வெட்டும் தகர அச்சுக்கு இந்தத் தொல்லை இல்லை. தகரப்பட்டியை வளைத்து ஈயம் வைத்துப் பற்றினால் போதும், ஏனென்றால் அது வெட்டுவது குளிர்ந்த மாவை. கொக்கிஸ் அச்சை அப்படிப் பற்றவைக்க முடியாது. சாதாரண ஈயப்பற்று 183 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். பொரிக்கும் எண்ணெயின் சூடும் ஏறக்குறைய அதே அளவு. ஆகவே அதை வார்த்தே ஆக வேண்டும். 900 பாகைக்கு மேல் உருகும் பித்தளையை எந்தத் தாச்சியும் அசைக்காது.

தொழிலின் வினையும் இந்த உறுதியில்தான் இருக்கிறது. வருடத்தில் நாலைந்து நாள் எண்ணெய் காணும் பித்தளை எப்படித் தேயும்? நமது கிழக்குக் கரையில் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்திலும் வீடு மகளுக்குப் போகிறது. குசினிச் சாமானும் வீட்டோடு போகிறது. இல்லாத வீட்டார் அடுத்த வளவில் இரவல் கேட்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு தலைமுறையில் ஓர் அச்சு விற்றால், அதற்குமேல் அந்த வீட்டில் வார்ப்பவருக்கு வேலை இல்லை. இப்படிப்பட்டவருக்குக் கடன் கொடுத்து உற்பத்தியைப் பெருக்கச் சொல்வதில் என்ன பயன்? நிரம்பிய பரணில் இன்னொரு அச்சை யார் வைப்பார்கள்? தவணை கட்ட வேண்டிய நாளில் பட்டறையில் அச்சுகள்தான் குவிந்து கிடக்கும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1638 இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்களே, அந்த ஒல்லாந்தர் காலத்தில் வந்த பலகாரம் கொக்கிஸ் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கேரளத்தில் இதன் பெயர் அச்சப்பம். ஈரானியரும் மெக்சிக்கோ மக்களும் இதே போன்ற அச்சை எண்ணெயில் தோய்க்கிறார்கள். சுவீடனிலும் நோர்வேயிலும் இது நத்தார்ப் பலகாரம். அங்கே விற்கும் அச்சைக் கவனியுங்கள். பிடி தனி, தலை தனி. இரண்டையும் திருகாணி சேர்க்கிறது. இன்று பூ, நாளை நட்சத்திரம், பிறகு வண்ணத்துப்பூச்சி என்று தலையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பிடி ஒருமுறை விற்கிறது, தலைகள் பலமுறை விற்கின்றன. பிஸ்கட் அச்சிலும் இதே கதைதான். அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் ஆன் கிளார்க் என்ற பெண்மணி 1989 இல் தொடங்கிய குடும்பத் தொழில் இன்று அந்த நாட்டின் பெரிய பிஸ்கட் அச்சுத் தொழிற்சாலைகளில் ஒன்று. அவர்களுடைய அச்சும் எளிதில் தேயாத உலோகம்தான். அப்படியிருந்தும் விற்பதற்குக் காரணம், பிறந்தநாளுக்கு ஒன்று, பண்டிகைக்கு ஒன்று, பிள்ளைக்குப் பிடித்த மிருகத்துக்கு ஒன்று என்று ஒரே வீடு திரும்பத் திரும்ப வாங்குவதுதான். உழைக்கும் பொருளை விற்பவர் வாழ வேண்டுமானால் வடிவத்தை விற்க வேண்டும்.

கொக்கிஸ் என்றால் பூவும் சக்கரமும்தானே, மரபைக் குலைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். மரபு மாவிலும் பொரிக்கும் முறையிலும் இருக்கிறது. ஐந்து இதழை ஆறு ஆக்கினால் சித்திரை பிறக்காமல் போகாது. உயிருள்ள உருவங்களைப் பல முஸ்லிம் வீடுகளில் விரும்புவதில்லையே என்ற கேள்வி இதைவிடக் கனமானது, நியாயமானதும்கூட. ஆனால் பிறை, நட்சத்திரம், நெற்கதிர், ஓலைப்பின்னல், கோணப்பின்னல் எல்லாம் இரு வீட்டுக்கும் பொது. மட்டக்களப்பு வாவியின் மீனை விரும்புகிறவர் மீனை வாங்கட்டும். பூ வடிவம் இத்தனை காலம் நிலைத்ததற்கே இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது: பூவை யாரும் மறுப்பதில்லை.

சீனச் சாமான் மலிவாக வருகிறதே என்பார்கள். வரட்டும். கல்முனைப் பேக்கரிக்காரர் பெருநாளுக்கென்று கேட்கும் பிறை அச்சில் இருபது மட்டும் செய்து கொடுக்க எந்தச் சீனத் தொழிற்சாலையும் முன்வராது. சின்ன எண்ணிக்கை பெரிய தொழிற்சாலைக்கு நட்டம், சின்னப் பட்டறைக்கு அதுவே சோறு. வடிவத்துக்கு வடிவம் புதிய கரு செதுக்கக் கூலி எங்கே என்று கேட்டால், முப்பரிமாண அச்சுப்பொறியைக் காட்டுவேன். அது தரும் பிளாஸ்டிக்கை எண்ணெயில் இறக்க முடியாது. பலர் பாவிக்கும் வகை 60 பாகையிலேயே இளகிவிடும். ஆனால் மண்ணில் அழுத்தி எடுக்கும் கருவுக்கு அது தாராளம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. சரிவின் பாகையை வார்ப்பவர் சொல்ல, கருவை மாணவர்கள் வரைந்து கொடுப்பது ஒரு பருவப் பயிற்சிக்குப் போதுமான வேலை.

ஓர் ஆட்சேபத்தை மட்டும் நான் முழுதாக ஏற்கிறேன். பழைய இரும்புக் கடை அலுமினியத்தை உருக்கி வார்த்தால் மலிவு; ஆனால் அந்தக் கழிவில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வளரும் நாடுகள் பத்தில் இப்படி வார்த்த அலுமினியப் பாத்திரங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வு, பலவற்றிலிருந்து ஈயம் உணவில் கசிவதைக் காட்டியது. பித்தளை என்பதாலும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். கடைசல் வேலைக்கான பித்தளையில் வேண்டுமென்றே ஈயம் சேர்ப்பார்கள். உலோகம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத அச்சை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்கச் சொல்லமாட்டேன். உள்ளூர்ப் பட்டறை சந்தையை முந்தக்கூடிய இடமும் இதுவே. வார்க்கும் உலோகத்தைச் சோதிக்க வைத்து, அந்தச் சான்றை அச்சோடு சேர்த்துக் கொடுக்கலாம். பெட்டியில் வரும் மலிவுச் சாமானைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

ஆகவே, சபையில் இருக்கும் அதிகாரிகளிடம் நான் கடன் கேட்கவில்லை. பிரதேச செயலகங்களில் தொழில்நுட்ப உதவி தரும் விதாதா வள நிலையங்கள் வழியாக மூன்று காரியம் செய்யலாம். எல்லாப் பட்டறைக்கும் ஒரே திருகாணி அளவை நிர்ணயியுங்கள். அக்கரைப்பற்றில் வாங்கிய பிடியில் திருக்கோவிலில் வாங்கிய தலை பூட்ட வேண்டும். உலோகச் சோதனைச் செலவை முதல் வருடம் பொறுப்பெடுங்கள். விழாக்களுக்கு வெளியிலிருந்து நினைவுச்சின்னம் வாங்கும் காசில் ஒரு பங்குக்கு, மாசி பிறக்கும் முன்பே நெற்கதிர்த் தலைகளுக்கு ஓடர் கொடுங்கள். சித்திரைக்கு முந்திய வாரம் கொடுக்கும் ஓடர் வார்ப்பவருக்கு உதவாது. மண் காய்ந்து, வார்த்து, அராவி, மினுக்கி முடிக்க அவருக்கு நாள் வேண்டும்.