நாணலைப் பிடித்துப் பரவிய வண்ணத்துப்பூச்சி

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூ ஜெர்சி, டெலவேர் பக்கம், ஜூலை மாதத்தில் சதுப்பு நிலமெங்கும் நாணல் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். அந்தத் தட்டைகளுக்கிடையே ஆரஞ்சும் பழுப்புமாக ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சி நெளிந்து நெளிந்து போகும். பெயர் பிராட் விங்டு ஸ்கிப்பர். ஸ்கிப்பர் குடும்பத்தார் பொதுவாக விருட்டென்று பாய்ந்து பறப்பவர்கள். இவர் கொஞ்சம் சோம்பேறி. 1865-லேயே வில்லியம் ஹென்றி எட்வர்ட்ஸ் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்திவிட்டார்.

இது வாழும் இடங்களை வரைபடத்தில் பார்த்தால் இரண்டு துண்டாகத் தெரியும். ஒன்று, பேரேரிகளைச் சுற்றிய உள்நாடு. மற்றொன்று, மாசசூசெட்ஸிலிருந்து புளோரிடா வரைக்கும், பிறகு டெக்சாஸ் வரைக்கும் நீளும் கடற்கரை. உள்நாட்டுப் புழு உயரமான கோரையைத் தின்று வளரும். கரையோரத்துப் புழுவுக்கு ஆற்று முகத்துவாரங்களில் விளையும் காட்டு அரிசிதான் பழைய சாப்பாடு. ஆர்தர் ஷபீரோ என்ற பூச்சியியலாளர் கரையோரக் கூட்டத்தைத் தனித் துணையினமாகப் பிரித்தபோது, காட்டு அரிசியின் பேரினப் பெயரையே அதற்குச் சூட்டினார்.

பிறகு நாணல் வந்தது. அமெரிக்காவுக்கென்று சொந்த நாணல் ஆதியிலிருந்தே உண்டு. அது யாருக்கும் தொல்லை தந்ததில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த இன்னொரு வகை, பார்வைக்கு அதே மாதிரி இருந்ததால், சத்தமில்லாமல் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய உலர்தாவரச் சேகரங்களின் மரபணுவைச் சோதித்து, 2002-ல் கிறிஸ்டின் சால்டன்ஸ்டால் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். சாலையோரப் பள்ளம், குப்பைமேட்டு ஓரம், உப்பேறிய சேறு என எங்கும் அது புதராக மண்டிவிடும். கரையோர வண்ணத்துப்பூச்சி அதிலும் முட்டையிடப் பழகிக்கொண்டது. காட்டு அரிசியே இல்லாத இடங்களிலும், நியூயார்க் நகர எல்லைக்குள்கூட, கோடையில் அது சாதாரணமாகிப்போனது.

இங்கேதான் சங்கடம். நாணல் மற்ற செடிகளை நெருக்கி அழிக்கிறது என்று டெலவேரில் ஹெலிகாப்டரிலிருந்துகூடக் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். நாணலுக்காக நான் வாதாட வரவில்லை; அதை ஒடுக்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் புதரில் ஒரு உயிரும் பிழைக்காது என்று சிலர் அடித்துச் சொல்வது சரியல்ல. களைந்த இடத்தில் காட்டு அரிசி திரும்பி வளர்ந்தால் இந்தப் பூச்சி பிழைத்துக்கொள்ளும்.

எனக்குக் கவலை உள்நாட்டுக் கூட்டத்தைப் பற்றித்தான். பெரும்பாலும் கோரையையே நம்பி, அங்கொன்றும் இங்கொன்றுமாக வாழ்கிறது அது. ஒரு சதுப்பு வடிகால் வெட்டப்பட்டு வயலாகிவிட்டால் அங்கே கோரை போகும். கோரையோடு பூச்சியும் போகும். அங்கே காப்பாற்ற வேண்டியது அந்தச் சேற்றில் தேங்கும் தண்ணீரைத்தான்.