நான்காமவரின் பணி

மருத்துவம் என்றதும் நம் மனக்கண்முன் முதலில் வந்து நிற்பவர் வைத்தியர். அவரை அடுத்து வருவது மருந்து. நோயாளியோ சொல்லாமலே அங்கு இருப்பவர். ஆனால், திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவத்துக்கு உறுப்புகள் நான்கு என்று கணக்கிடுகின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு நில்லாமல், நோயாளியின் அருகிருந்து மருந்தைப் பிழையாது கொடுப்பவனையும் அவர் சேர்த்துக்கொள்கின்றார். அந்த நான்காமவரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். கட்டிலருகே நிற்கும் நான்காமவர் மட்டுமல்லர். ஒரு புதிய சிகிச்சை நன்றோ தீதோ என்று ஆராய்கின்ற பெரிய மருத்துவ ஆராய்ச்சிகளிலே பெயர் வெளிவராமல் உழைக்கும் தாதியர், ஆய்வுகூட ஊழியர், எழுதுவினைஞர் ஆகியோரும் நான்காமவரே. அவர்களை நடத்திச் செல்லும் முறையிலேதான் ஆராய்ச்சியின் உயிர் தங்கியிருக்கின்றது என்பது என் கருத்து.

இதற்கு எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொண்ட இடம் நமக்கு அந்நியமானதன்று. பேசாலைப் புகையிரத நிலையத்தில் ஏறித் தலைமன்னார் இறங்குதுறையை அடைந்து, அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி சேர்ந்து, மீண்டும் புகையிரதமேறிச் சென்னை எழும்பூரில் இறங்கிய பயணத்தை எங்கள் ஊர் முதியோர் இன்றும் கதையாகச் சொல்வதுண்டு. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழி அற்றுப்போயிற்று. அந்த எழும்பூருக்கு அயலிலே இருப்பது சேத்துப்பட்டு. அங்கேதான் காசநோய்க்கான மருந்துச் சிகிச்சை நிலையமொன்று 1956ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகிய நான்கும் கூடி அதனை நிறுவின. வலஸ் பொக்ஸ் என்னும் பிரித்தானிய வைத்தியர் அதன் தொடக்க காலப் பணிகளுக்குத் தலைமை தாங்கினார்.

அந்நிலையம் விடைகாண முயன்ற வினா யாது? காசநோயின் கிருமியை றொபர்ட் கொக் 1882ஆம் ஆண்டிலேயே கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். ஆயினும், அதனைக் கொல்லும் மருந்து அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கிடைக்கவில்லை. அதுவரை நோயாளிக்கு விதிக்கப்பட்டவை ஓய்வும், தூய காற்றும், நல்லுணவுமே. இவற்றுக்காக மலையடிவாரங்களிலும் ஊர்ப்புறங்களிலும் சானற்றோரியங்கள் எழுந்தன. பின்னர் ஸ்ரெப்ரோமைசின் வந்தது. பாஸ் எனப்படும் மருந்து வந்தது. 1952ஆம் ஆண்டிலே ஐசோனியசிட் வந்தது. மருந்து வந்துவிட்டது. ஆனால் கட்டில் எங்கே? இந்தியாவில் நோயாளர் இலட்சக்கணக்கில் இருந்தனர். கட்டில்களோ ஆயிரக்கணக்கிலேயே இருந்தன. கட்டிலுக்குக் காத்திருந்து மாண்டவர் பலர். காத்திருந்த காலத்தில் தம் மக்களுக்கே நோயைப் பரப்பியவரும் பலர்.

ஆகவே, சானற்றோரியத்துக்குச் செல்லாமல், தன் குடிசையிலேயே இருந்துகொண்டு மருந்துண்ணும் ஏழை நோயாளி குணமடைவானா என்பதே அந்த வினா. நேயர்களே, இது எத்துணை அபாயமான வினா என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். 'குணமடைவான்' என்று பிழையாக விடை கூறினால், இலட்சக்கணக்கான வீடுகளிலே குழந்தைகள் நோய்க்கு இரையாவர். 'குணமடையான்' என்று பிழையாகக் கூறினாலோ, கட்டில் கிடையாத இலட்சக்கணக்கானோர் மருந்துமின்றிக் கைவிடப்படுவர். இரு பக்கத்திலும் உயிர்கள் தொங்கி நின்றன.

ஆராய்ச்சிக்கு 193 நோயாளர் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். வீட்டில் இருப்பவர் யார், சானற்றோரியம் செல்பவர் யார் என்பதை வைத்தியர் தம் விருப்பப்படி தீர்மானிக்கவில்லை. எழுந்தவாரியாகவே, திருவுளச்சீட்டுப் போடுவதுபோலவே, அது தீர்மானிக்கப்பட்டது. இதனைக் கேட்போர், உயிர் விடயத்திலே சீட்டுக் குலுக்குவதா என்று திடுக்கிடலாம். ஆனால், பாடசாலையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளை ஒரு வகுப்பிலும் மந்தமான பிள்ளைகளை மறு வகுப்பிலும் அமர்த்திவிட்டு, இரு ஆசிரியர்களுள் எவர் வல்லவர் என்று ஒப்பிட்டால் அது நீதியாகுமா? வைத்தியரின் இரக்கமும் இப்படித்தான் வேலை செய்யும். நோய் முற்றியவனைச் சானற்றோரியத்துக்கும் திடமானவனை வீட்டுக்கும் அது அனுப்பிவிடும். அப்போது ஒப்பீடு பாழாகும். 1948ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் வெளியான ஸ்ரெப்ரோமைசின் ஆராய்ச்சியில், 107 நோயாளரை முத்திரையிட்ட உறைகளின் துணைகொண்டு பிரித்து, இந்த முறைக்கு வழிகாட்டியவர் பிராட்போர்ட் ஹில் என்னும் புள்ளிவிவர அறிஞர். அவர் இளமையில் தாமே காசநோயால் வருந்தியவர்.

முறை வகுத்தாயிற்று. இனித்தான் நான்காமவரின் பணி தொடங்குகின்றது. சானற்றோரியத்திலே நோயாளி தாதியின் கண்முன் இருக்கின்றான். வீட்டு நோயாளியோ, நெருக்கமான சந்து ஒன்றிலே, பலர் கூடி வாழும் ஓர் அறையிலே இருக்கின்றான். அவன் கையில் மருந்தைக் கொடுத்துவிடலாம்; அவன் அதனை உண்டான் என்பதற்குச் சாட்சி யார்? அதிலும் பாஸ் என்பது நாளொன்றுக்குப் பல கிராம் கணக்கில் விழுங்கவேண்டிய, வயிற்றைப் புரட்டும் மருந்து. சில வாரங்களில் இருமல் குறைந்து உடம்பு தேறியதும், 'இனி எதற்கு இந்தத் துன்பம்?' என்று எவருக்கும் தோன்றும். ஆனால் மருந்துண்ண வேண்டிய காலமோ ஒரு முழு ஆண்டு.

ஆகையால் நிலையத்தின் தாதியரும் சுகாதாரப் பெண் ஊழியரும் வீடுவீடாகச் சென்றனர். சொல்லிவிட்டும் சென்றனர்; சொல்லாமலும் சென்றனர். எஞ்சியிருந்த மருந்தை எண்ணினர்; சிறுநீரைப் பெற்றுச் சோதனைக்கு அனுப்பினர். பாஸ் உண்டவரின் சிறுநீரிலே ஒருவகை இரும்பு உப்புக் கரைசலைச் சேர்த்தால் நிறம் மாறும். அவ்வளவு எளிய சோதனை அது. நோயாளர் தாமாக மருந்துண்ணும்போது எழும் இந்த இடர்ப்பாட்டைப் பற்றி வலஸ் பொக்ஸ் 1958ஆம் ஆண்டிலே ஒரு கட்டுரையே எழுதி வெளியிட்டார்.

இங்கே பணியாளரை நடத்துவோர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. சிகிச்சை அளித்தவரே அதன் பயனை மதிப்பிடலாகாது என்று விதித்துக்கொண்டார்கள். நோயாளரின் எக்ஸ்றே படங்கள், அவர் வீட்டில் இருந்தவரா சானற்றோரியத்தில் இருந்தவரா என்பதை அறியாத ஒருவரிடம் கொடுக்கப்பட்டு மதிப்பிடப்பட்டன. இது எவரையும் ஐயுற்றதனால் அன்று. நல்ல மனிதனும் தான் விரும்பியதையே காண்பான் என்ற உண்மையை ஒப்புக்கொண்டதனால். பரீட்சை விடைத்தாளிலே பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் இடுகின்றோமே, அதன் நியாயமும் இதுதான்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். உச்சி வெயிலிலே ஓர் ஊழியர் நெடுந்தூரம் நடந்து ஒரு வீட்டை அடைகின்றார் என்று வைத்துக்கொள்வோம். கதவு பூட்டியிருக்கின்றது. அயலவர், 'அவர் ஒழுங்காக மருந்துண்பவர்தான்' என்கின்றனர். மீண்டும் வரவேண்டுமே என்ற சலிப்பில், 'கண்டேன். மருந்து சரி' என்று அவர் எழுதிவிட்டால் என்ன நேரும்? அன்று ஒன்றும் நேராது. அந்தப் பொய்யும் மற்ற மெய்களோடு கலந்து, எண்ணாக மாறி, சராசரியாக மாறி, ஈற்றில் ஒரு தேசத்தின் சிகிச்சைக் கொள்கையாக மாறும். எங்கோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை அதற்கு விலை கொடுக்கும்.

பாடசாலை அதிபராக இருப்பவனுக்கு இது விளங்காத பொருளன்று. வரவுப் பதிவேட்டிலே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அது எனக்கு ஒரு செய்தி: இன்று குறிக்கத் தவறிவிட்டார்கள் என்று அது மெய் பேசுகின்றது. மாலையில் நினைவைக்கொண்டு நிரப்பிய கட்டமோ பார்வைக்கு நிறைவாக இருந்து பொய் பேசும். ஆனால் வெறுங்கட்டத்தைக் கண்டவுடன் சீறி விழுகின்ற அதிபரிடம், ஆசிரியர் அடுத்த நாள் முதல் நிரப்பிய பதிவேட்டையே கொண்டுவருவார். ஆதலால், 'இன்று இயலவில்லை' என்று ஊழியர் அஞ்சாமல் எழுதக்கூடிய இடமாக வைத்திருப்பதே ஆராய்ச்சியை நடத்துவோரின் முதற் கடமை. வேலை மிகுந்து ஊழியர் களைத்துப்போனால் பொய் தானாகப் பிறக்கும். எனவே அவர்தம் சுமையை அளந்து பகிர்தலும் அக்கடமையின் பகுதியே.

எங்கள் கரையிலே கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. இரு புறமும் வரிசையாக நின்று கயிற்றைப் பற்றி இழுப்போருள் எவரும் மற்றவரைவிடப் பெரியவர் அல்லர். ஒரு பக்கம் முந்தி ஒரு பக்கம் பிந்தினால் மீன் வழிதேடிப் போய்விடும். மடி கரையேறும் வரையில் எவரும் கைவிடலாகாது. சம்மாட்டியின் திறமை அதிகமாக இழுப்பதில் அன்று. எல்லாரையும் ஒரே சீராக இழுக்க வைப்பதிலேயே இருக்கின்றது.

சேத்துப்பட்டில் மடி கரையேறியது. 1959ஆம் ஆண்டிலே முடிவுகள் வெளியாயின. ஓராண்டுச் சிகிச்சையின் இறுதியில் நோய் அடங்கியவர் சானற்றோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். உணவிலும் ஓய்விலும் இட வசதியிலும் சானற்றோரியத்தார் மேம்பட்டிருந்தும், வேறுபாடு அவ்வளவே. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது இரு சாராரும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தனர். யாவற்றிலும் மேலாக, வீட்டில் இருந்த நோயாளரின் குடும்பத்தார், சானற்றோரியம் சென்றவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோயுறவில்லை. நோய் பெரும்பாலும் பரவுவது சிகிச்சை தொடங்குவதற்கு முன்னரே என்பது புலனாயிற்று.

அந்த எண்கள் உலகின் போக்கையே மாற்றின. 1962ஆம் ஆண்டிலே இந்தியா தேசிய காசநோய்த் திட்டத்தைத் தொடங்கியபோது, வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுவது அதன் அடிப்படையாயிற்று. மற்ற நாடுகளிலும் சானற்றோரியத்தின் காலம் மெல்ல முடிவுற்றது. ஊழியர் ஒருவர் பார்த்திருக்க நோயாளி மருந்தை விழுங்கும் முறையையும் அதே நிலையம் 1960களிலே ஆராய்ந்தது. பின்னர் 1990களில் உலக சுகாதார நிறுவனம் அத்தகைய முறையையே உலகெங்கும் பரப்பியது. இன்று நம் நாட்டிலே மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் மருந்து பெற்று, மனைவி மக்களோடு இருந்தே குணமடைகின்ற ஒவ்வொருவரும், அந்தச் சென்னைச் சந்துகளில் நடந்த கால்களுக்குக் கடன்பட்டவர். அந்நிலையம் 1978இல் காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்றும், 2011இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் மாற்றம் பெற்று, இன்றும் பணிபுரிந்து வருகின்றது.

இன்று பல்கலைக்கழக மருத்துவ பீடங்களும் போதனா வைத்தியசாலைகளும் இத்தகைய ஆராய்ச்சிகளை நடத்துகின்றன. நாத்சிகளின் சிறைமுகாம்களில் வைத்தியர் சிலர் புரிந்த கொடுமைகளைக் கண்டு, 1947ஆம் ஆண்டு நூரெம்பேர்க்கிலும், பின்னர் 1964ஆம் ஆண்டு ஹெல்சிங்கியிலும் நெறிகள் வகுக்கப்பட்டன. நோயாளியின் அறிவார்ந்த சம்மதம் இன்றி ஆராய்ச்சி இல்லை. விரும்பியபோது விலகிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. நம் நாட்டிலே இலங்கை மருத்துவச் சங்கம் 2006ஆம் ஆண்டிலே மருத்துவப் பரிசோதனைகளுக்கான பதிவகம் ஒன்றை நிறுவியது. இன்ன ஆராய்ச்சியை இன்ன முறையில் செய்யப்போகின்றோம் என்று முன்கூட்டியே பலரறியப் பதிந்துவிட்டால், விரும்பாத முடிவு வரும்போது அதனை மறைத்தல் எளிதன்று. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகளே. ஆயினும், சம்மதப் பத்திரத்தை நோயாளிக்கு விளங்கும் தமிழில் பொறுமையாக எடுத்துரைப்பவர் யார்? குறித்த நாளில் வராதவரைத் தேடிச் சென்று, கடிந்துகொள்ளாமல், 'என்ன இடைஞ்சல், ஐயா?' என்று கேட்பவர் யார்? அந்த நான்காமவரே.

நேயர்களே, உங்கள் வீட்டுக் கதவையும் ஒருநாள் அத்தகைய ஊழியர் ஒருவர் தட்டக்கூடும். ஆராய்ச்சியில் சேருமாறு கேட்டால், நன்மை தீமை இரண்டையும் கேட்டறிந்து, விரும்பினால் மட்டும் சேருங்கள். சேர்ந்தபின், மருந்துண்ண மறந்த நாளை மறந்த நாளென்றே சொல்லுங்கள். அவர் வெட்கப்படுத்த வந்தவர் அல்லர். அவருக்கு இருக்க ஓர் ஆசனமும் குடிக்கக் கொஞ்சம் தண்ணீரும் கொடுங்கள். அவர் குறிப்பேட்டில் எழுதப்படும் உங்கள் உண்மை, நீங்கள் ஒருபோதும் காணாத ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கலாம்.