எண்ணும் எழுத்தும் தடுமாறும் பிள்ளைக்கு வீடே துணைப் பள்ளி

(அறவாரியத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கருத்தரங்கில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவள் நான். என் மாணவர்களில் வழக்கறிஞர் உண்டு, தாதியர் உண்டு, தலைமையாசிரியரும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேசினால் எனக்கும் பெருமை, உங்களுக்கும் மகிழ்ச்சி. ஆனால் இன்று நான் பேச வந்தது வேறொரு மாணவனைப் பற்றி. நான் செய்த ஒரு தவற்றைப் பற்றி.

எண்பதுகளின் பிற்பகுதியில் மூன்றாம் ஆண்டு வகுப்பில் என்னிடம் ஒரு பையன் படித்தான். தேவாரத்தை ஒரு முறை கேட்டால் அப்படியே பாடுவான். பள்ளிக்கு வெளியே வரும் மோட்டார் சைக்கிளின் சத்தத்தை வைத்தே யார் வருகிறார் என்று சொல்லிவிடுவான். ஆனால் புத்தகத்தில் ஒரு வரி வாசிக்க வராது. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதினால் பாதி எழுத்து இருக்காது. சோம்பேறி என்றேன். கடைசி வரிசையில் உட்காரவைத்தேன். தேர்ச்சி அறிக்கையில் ஆண்டுதோறும் ‘முயற்சி போதாது’ என்று எழுதினேன். இடைநிலைப் பள்ளிக்குப் போனவன் புகுமுக வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுச் செம்பனைக் குலை வெட்டப் போய்விட்டான்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு திருவிழாவில் அவனைப் பார்த்தேன். கூட்டம் குறையும் வரை காத்திருந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினான். “டீச்சர், இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. திட்டாதீங்க டீச்சர்” என்றான். நண்பன் வாங்கிய மோட்டார் சைக்கிள் கடனுக்கு அவன் பிணை நின்றிருக்கிறான். நண்பன் கட்டவில்லை, கடன் இவன் தலையில் விழுந்துவிட்டது. என்ன தாள் என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறான். தன் பெயரை எழுத்தாக எழுத அவனுக்குத் தெரியாது. படம் வரைவதுபோல் வரையக் கற்றிருந்தான். ‘முயற்சி போதாது’ என்று எழுதினேனே, அது அவனுக்குரியது அல்ல, எனக்குரியது என்று அன்றுதான் உணர்ந்தேன்.

அதே தடுமாற்றம் என் வீட்டிற்குள்ளும் வந்தது. என் பேரன் 2020-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்தான். அவ்வாண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளிலும் பள்ளிகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தன. நாடு முழுவதும் வீடே பள்ளியானது. தோட்டத்து வீடுகளில் நிலைமை என்ன என்பதை நீங்கள் அறிவீர்கள். வீட்டிற்கு ஒரு கைப்பேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மகனுக்குச் செம்பனை ஆலையில் வேலை, மருமகளுக்குத் தொழிற்சாலையில் வேலை. பேரன் என்னிடம் வந்து சேர்ந்தான்.

முதல் வாரத்திலேயே கண்டுகொண்டேன். ஒன்று முதல் நூறு வரை பாட்டாகச் சொல்கிறான். பன்னிரண்டு எலுமிச்சம்பழத்தை எண்ணச் சொன்னால் ஒரு முறை பதினொன்று, மறு முறை பதினான்கு என்கிறான். ‘அம்மா’ என்ற சொல்லை நேற்று வாசித்தவன் இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். ஒரு நாள் இரவு படுக்கையில், “பாட்டி, நான் மக்கா?” என்று கேட்டான். அவனுக்கு வயது ஏழு.

தாய்மார்களே, இந்தக் கேள்வியைப் பிள்ளை கேட்கும் முன்னரே நாம் விழித்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்த உரை.

வீட்டில் எப்படித் தொடங்குவது?

முதலில் பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று கண்ணையும் காதையும் சோதியுங்கள். பலகையில் இருப்பது தெரியாத பிள்ளையையும், பின்னால் நின்று பேசினால் கேட்காத பிள்ளையையும் நாம் மந்தம் என்று சொல்லிவிடுகிறோம்.

அடுத்து, பிள்ளை உண்மையில் எந்தப் படியில் நிற்கிறான் என்று பாருங்கள். எந்த ஆண்டில் படிக்கிறான் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மூன்றாம் ஆண்டில் இருந்தாலும், பத்துப் பொருளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண வராவிட்டால் அங்கிருந்தே தொடங்க வேண்டும். அடித்தளம் இல்லாத சுவரில் ஓடு வேய முடியாது.

என் பேரனுக்கு ஈர்க்குச்சிதான் கணக்குப் புத்தகம். விளக்குமாற்றுக் குச்சிகளை ஒரே அளவாக நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டினோம். கட்டு ஒன்று, தனிக்குச்சி நான்கு என்றால் 14. அவனோ 41 என்று எழுதுவான். ஏன் என்று யோசித்தேன். நம் பிள்ளை ஒரே நேரத்தில் மூன்று மொழியில் எண்ணைக் கேட்கிறான். தமிழில் ‘பதினான்கு’ என்றால் பத்து முதலில் வருகிறது. மலாயில் ‘எம்பாட் பெலாஸ்’, ஆங்கிலத்தில் ‘ஃபோர்டீன்’. இரண்டிலும் நான்கு முதலில் வருகிறது. காதில் விழுந்த வரிசையில் அவன் எழுதுகிறான். மலாயில் ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் மூன்றிலும் ‘செம்பிலான்’ என்ற சொல் தெளிவாகக் கேட்கும். தமிழிலோ தொண்ணூறு என்பதில் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரம் என்பதில் ஆயிரம் ஒலிக்கிறது. குழம்பும் பிள்ளைக்கு இங்கெல்லாம் குச்சியைக் கையில் கொடுத்து, மூன்று மொழியிலும் சொல்லவைத்து, பிறகுதான் எழுதவைக்க வேண்டும்.

கோயிலே எங்களுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. ‘நூற்றெட்டு’ எழுது என்றால் அவன் 1008 என்று எழுதினான். நூறு என்பதற்கு 100, பக்கத்தில் எட்டு. அவன் வரையில் அது சரிதானே? கோயிலில் நூற்றெட்டுச் சங்காபிஷேகமும் உண்டு, ஆயிரத்தெட்டுச் சங்காபிஷேகமும் உண்டு. இரண்டும் ஒன்றா என்று கேட்டேன். விழித்தான். வீட்டிலிருந்த அகல் விளக்குகளோடு அக்கம்பக்கத்திலும் இரவல் வாங்கி, முற்றத்தில் வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை வைத்தோம். மீதி எட்டைத் தனியாக வைத்தோம். நூறு ஒன்று, தனிப் பத்து எதுவும் இல்லை, ஒன்று எட்டு. நடுவில் ஏன் பூச்சியம் வருகிறது என்பது அன்று அவனுக்குப் புரிந்தது. எத்தனை பயிற்சித் தாள் கொடுத்தும் புரியாதது அது.

எழுத்துக்கு வருகிறேன். தமிழில் 247 எழுத்துகள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஊட்டக் கூடாது. ட, ப, ம என்று நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்கி, படம், மடம், பட்டம் என்று அவற்றாலேயே சொல் அமையுங்கள். வாரத்திற்கு இரண்டு மூன்று எழுத்துகள் போதும். கெ, கே, கை ஆகியவற்றில்தான் பல பிள்ளைகள் தடுமாறுவார்கள். காதுக்கு ‘க்’ முதலில் கேட்கிறது. கையோ கொம்பை முதலில் எழுத வேண்டியிருக்கிறது. ‘கொ’ என்றால் இரு பக்கமும் குறி. அட்டையில் ‘க’ ஒன்றும் குறிகள் தனித்தனியாகவும் வெட்டிக் கொடுத்து, ஒலியைச் சொல்லிக்கொண்டே பிள்ளையே வைத்துப் பார்க்கட்டும். தாத்தா பாட்டிமாருக்கு ஒரு வார்த்தை: நாம் சிறுவயதில் எழுதிய யானைத் தும்பிக்கை ‘லை’யையும் ‘னை’யையும் பிள்ளைக்கு எழுதிக் காட்டாதீர்கள். 1978-இல் தமிழ்நாட்டில் ஏற்கப்பட்ட சீர்திருத்த எழுத்தே இன்று இங்கும் பாடநூலில் இருக்கிறது.

விஜயதசமி நாளில் கோயிலில் பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சரிசியில் ‘அ’ எழுதவைக்கிறோம். திண்ணைப் பள்ளியில் நம் முன்னோர் மணலில் எழுதிப் பழகினார்கள். 1907-இல் ரோமாபுரியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையாரும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவவைத்தே எழுத்தைக் கற்பித்தார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம்மவர்க்கும் பயிற்சி அளித்தார். விரல் உணர்ந்தது மனத்தில் நிற்கும் என்பதே இவை யாவற்றுக்கும் அடிப்படை. நாமோ விஜயதசமி முடிந்ததும் அரிசித் தட்டை எடுத்து வைத்துவிடுகிறோம். அந்தத் தட்டு ஆண்டு முழுவதும் வெளியிலேயே இருக்கட்டும்.

நேரம் எவ்வளவு? நாளுக்கு அரை மணி. பத்து நிமிடம் எழுத்து, பத்து நிமிடம் எண், பத்து நிமிடம் நீங்கள் கதை வாசிக்கப் பிள்ளை கேட்பது. பிள்ளை சலிக்கும் முன்பே நிறுத்திவிடுங்கள். அடிக்காதீர்கள், அக்காள் தங்கையோடு ஒப்பிடாதீர்கள். கடைக்கு அனுப்பி ஐந்து, பத்து, இருபது, ஐம்பது காசுகளை எண்ணி வாங்கிவரச் சொல்லுங்கள். அதுவும் பாடந்தான்.

பள்ளியை விட்டுவிடலாமா?

வீட்டில் கற்பிக்கலாம் என்றதும் சிலர், “அப்படியானால் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்கிறார்கள். கூடாது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 2002-இல் வந்த திருத்தத்தின்படி, 2003 ஜனவரி 1 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். மீறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். முழுக்க வீட்டிலேயே கற்பிக்க விரும்புவோர் கல்வி அமைச்சின் விலக்கைப் பெற வேண்டும். நான் சொல்வது பள்ளியோடு சேர்ந்த வீட்டுப் பாடம். வகுப்பாசிரியரைச் சந்தித்துக் குறைநீக்கல் வகுப்பில் இடம் கேளுங்கள். வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றம் இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடும், கணக்கில் வரும் டிஸ்கல்குலியாவும் அறிவுக் குறைவு அல்ல. 2007-இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ இந்திப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அப்படிப்பட்ட பிள்ளை நம் வரிசை வீட்டிலும் இருக்கக்கூடும். சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிவு செய்து அட்டை வாங்கப் பலர் தயங்குகிறார்கள். நாளைக்குப் பிள்ளைக்குப் பெண் கிடைக்குமா என்று அஞ்சுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அந்த அச்சம் இருந்தது. அந்த அட்டை உதவிக்கான சாவி. படிக்கத் தெரியாமல் பிணைக் கையெழுத்துப் போடும் நிலையைவிட அது பிள்ளைக்கு என்ன இழிவைக் கொண்டுவந்துவிடும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். 1988 முதல் இருந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் ஆறாம் ஆண்டு முடிவில் குறையை வெளியே காட்டிய தேர்வும் இல்லாமல் போயிற்று. வாசிக்க வராத பிள்ளை சத்தமில்லாமல் இடைநிலைப் பள்ளிக்குள் போய்விட முடியும். வீட்டில் இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

அன்றைய பெற்றோரும் இன்றைய பெற்றோரும்

இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்நாட்டில் முதன்முதலாகச் செம்பனை வாணிபப் பயிராக நடப்பட்டது. அந்தக் காலத் தோட்டங்களில் கல்வி எப்படி இருந்தது? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி என்பது பல இடங்களில் ஒரு கொட்டகை. கற்பித்தவர் பெரும்பாலும் பயிற்சி பெறாதவர். விடியுமுன் பெரட்டுக்குப் போன நம் பாட்டன் பூட்டிகளுக்குப் பிள்ளையின் சிலேட்டைப் பார்த்துச் சொல்லும் எழுத்தறிவு இல்லை. அவர்களால் முடியவில்லை. நம்மால் முடியும். நாம் பள்ளிக்குப் போனவர்கள். தமிழில் ஒரு பக்கம் வாசிக்கத் தெரிந்த தாய் வீட்டில் இருக்க, பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால், அந்த அரை மணி நேரம் எங்கே போகிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வள்ளல் பெருமக்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். எல்லா வீட்டிலும் அந்த அரை மணி நேரம் கிடைக்காது. இரண்டு மாற்று வேலை பார்க்கும் தாய் உண்டு. தாய் தந்தை இல்லாமல் தாத்தாவிடம் வளரும் பிள்ளை உண்டு. அன்னதானம் நடக்கும் மண்டபம் வார நாள்களில் மாலையில் பூட்டிக் கிடக்கிறது. வாரத்தில் இரண்டு மாலை அதைத் திறந்துவிடுங்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு உதவித்தொகை கொடுங்கள். கிள்ளானுக்கோ தஞ்சோங் காராங்கிற்கோ மருத்துவமனைக்குப் போக வழியில்லாத குடும்பத்திற்கு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். ஈர்க்குச்சியும் அரிசித் தட்டும் நாங்கள் கொண்டு வருகிறோம்.

என் பேரன் இன்று முதல் மாணவன் அல்லன். ‘ன, ண, ந’ இன்னும் அவனைப் படுத்துகின்றன. வாசிக்கும்போது விரல் வரியின் கீழே ஊர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் வாசிக்கிறான். சென்ற திருவிழாவில் உபயக்காரர் பெயர்ப் பலகையின் முன் நின்று ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தான். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை, அவன் முடிக்கும் வரை காத்திருந்தேன்.

அந்தப் பழைய மாணவனுக்கு நான் கொடுக்கத் தவறிய பொறுமை அது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள் அதைக் கொடுங்கள். எல்லாம் வல்ல இறைவன் அதற்குத் துணை நிற்பான்.