முன்பணமும் அமானிதமே

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன்னர் ஆண்டு வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. அதில் ஒரு வரி என் காதிலேயே தங்கிவிட்டது. 'பள்ளிவாசல் கடைகளின் முன்பணம்' என்ற வரி. அது வரவுப் பக்கத்தில் இருந்தது. அந்த வரியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். அதற்கு முன் என் சொந்தக் கணக்கை உங்கள் முன் வைப்பதே முறை.

தஞ்சை மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் எனக்கு ஒரு சிறு வீடு உண்டு. என் மகன் வளைகுடா நாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் கட்டியது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தையற்காரர் குடும்பம் அதில் குடியிருந்தது. மாத வாடகை 6,000 ரூபாய். ஊர் வழக்கப்படி பத்து மாத வாடகையான 60,000 ரூபாயை முன்பணமாகப் பெற்றுக்கொண்டேன். ஐந்து ஆண்டுகளில் ஒரு மாதம்கூட அவர் வாடகை தவறியதில்லை. வீட்டைக் காலி செய்யப்போவதை இரண்டு மாதம் முன்னதாகவே தெரிவித்தார். சொன்ன நாளில் வீட்டைப் பெருக்கிக் கழுவிச் சாவியை என் கையில் கொடுத்தார்.

என் கையில் பணம் இல்லை. மகளின் நிக்காஹ் செலவில் அது கரைந்துபோயிருந்தது. "அடுத்தவர் குடிவரட்டும், அவர் தரும் அட்வான்ஸில் கொடுத்துவிடுகிறேன்" என்றேன். மூன்று மாதம் கழித்துக் கொடுத்தேன். அப்போதும் வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு 54,000 ரூபாய்தான் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "சரிங்க பாய்" என்று சொல்லிச் சென்றார்.

பின்னர்தான் எனக்குச் செய்தி வந்தது. புதிய வீட்டு உரிமையாளருக்கு முன்பணம் கொடுக்க வழியின்றி, மனைவியின் நகைகளை அடகு வைத்து மூன்று மாதம் வட்டி கட்டியிருக்கிறார். வாடகைக்கு இருப்பவருக்குப் பழைய வீட்டின் முன்பணம்தான் புதிய வீட்டின் முன்பணம். அந்த ஒரே பணம் வீடு விட்டு வீடு நடக்கிறது. அதை நான் நிறுத்தி வைத்தேன். வட்டி ஹராம் என்று வாழ்நாள் முழுவதும் ஒதுங்கி நின்றவன், இன்னொருவரை வட்டிக் கடையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அருமைச் சகோதரர்களே! முன்பணம் யாருடைய பணம்? அதை வாங்கிப் பூட்டி வைத்தால் அது அமானிதம். கொடுத்தவர் சம்மதத்துடன் செலவழித்தால் அது நம் தலைமேல் ஏறிய கடன். எப்படிப் பார்த்தாலும் நம்முடைய பணம் அன்று. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் கட்டளையிடுவதை நாம் அறிவோம். 622ஆம் ஆண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து புறப்பட்ட இரவை நினைத்துப் பாருங்கள். அவர்களின் உயிருக்கே குறி வைத்த ஊர் அது. ஆயினும் அவ்வூரார் தம்மிடம் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பை அலீ (ரலி) அவர்களிடம் கொடுத்து, அவரை மக்காவிலேயே விட்டுச் சென்றார்கள். பகைவரின் பொருளுக்கே அந்த மரியாதை என்றால், ஐந்து ஆண்டு நம் கூரையின்கீழ் வாழ்ந்தவரின் பணத்திற்கு எவ்வளவு மரியாதை வேண்டும்!

நாட்டின் சட்டம் சொல்வதையும் அறிந்துகொள்வோம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றது. நாம் பத்து மாதம் வாங்கினோம். அச்சட்டத்திற்குப் பதிலாக 2017இல் தமிழகச் சட்டமன்றம் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, வேறு உடன்பாடு இல்லாவிடில், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகக் கூடாது. 6,000 ரூபாய் வாடகைக்கு 18,000 ரூபாய்தான். வீடு காலியான ஒரு மாதத்திற்குள், நியாயமான பாக்கியைக் கழித்து, மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்படவும் வேண்டும்.

நியாயமான பாக்கி எது? அச்சட்டத்தின் இணைப்புப் பட்டியல் அதையும் பிரித்துக் காட்டுகிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவது, தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின்கம்பிகளைச் சீர்செய்வது ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. தண்ணீர்த் திருகு, சுவிட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி ஆகியவை குடியிருப்பவரின் பொறுப்பு. மனிதர் வாழ்ந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். இந்தக் கணக்கில் நான் கழித்த 6,000 ரூபாய்க்கு எந்த நியாயமும் இல்லை. குடியிருப்போருக்கும் ஒரு சொல் உண்டு: மின்கட்டணப் பாக்கியை மறைத்துச் செல்வதும், உடைத்ததைச் சொல்லாமல் போவதும் அதே அமானிதத்தில் செய்யும் மோசடிதான்.

நம் காவிரிப் படுகை ஊர்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பாபநாசம் தொடங்கி அதிராம்பட்டினம் வரை நம் மக்களில் பலர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். வீடு இங்கே, உரிமையாளர் அங்கே. காலி செய்பவர் பணம் கேட்டால், "அண்ணனிடம் பேசுங்கள்" என்கிறார் தம்பி. தொலைபேசியில் கேட்டால், "தம்பியிடம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார் அண்ணன். வாங்கும்போது மட்டும் இருவர் கையும் நீண்டது. முன்பணத்தை யார் திருப்பித் தருவார் என்பதை ஒப்பந்தத்திலேயே பெயரோடு எழுதி வையுங்கள். பெருந்தொகை கொடுத்தால் வாடகையைக் குறைக்கிறேன் என்பதிலும், வாடகையே இல்லாத ஒத்தியிலும், கடனுக்குப் பெறும் ஆதாயம் கலந்துவிடும் என்று உலமாக்கள் எச்சரிப்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்த வரிக்கு வருகிறேன். பதிவு செய்யப்பட்ட வக்ஃபு சொத்துகளுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. ஒரு மாதக் கெடு நம் பள்ளிவாசல் கடைகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அமானிதக் கடமையிலிருந்து பள்ளிவாசலுக்கு விலக்கு அளிப்பவர் யார்? கடைக்காரர்கள் கொடுத்த முன்பணத்தில் சுற்றுச்சுவர் எழுப்பினோம். ஒளூச் செய்யும் இடத்தைப் புதுப்பித்தோம். நற்பணிகள்தாம். ஆயினும் நாளை ஒரு கடைக்காரர் சாவியைக் கொடுத்தால், அடுத்தவர் வரும்வரை பொறுங்கள் என்றுதானே நாமும் சொல்லப்போகிறோம்? அடுத்தவரின் பணத்தில் செய்த நற்பணி, அவர் பொறுத்துக்கொள்ளும் வரைதான் நற்பணி.

ஆகவே நிர்வாகக் குழுவை மூன்று செயல்களுக்குப் பணிவுடன் வேண்டுகிறேன். முன்பணத்தை வரவுப் பக்கத்திலிருந்து எடுத்து, திருப்பித் தரவேண்டிய பொறுப்புகளின் பக்கத்தில் எழுதுங்கள். செலவான தொகையை மாதந்தோறும் வாடகை வருவாயில் ஒரு பகுதியை ஒதுக்கி, தனி வங்கிக் கணக்கில் நிரப்புங்கள். கடையோ வீடோ, சாவி வாங்கும் நாளிலேயே கணக்கை முடிப்பது இந்த மஹல்லாவின் வழக்கம் என்று தீர்மானம் எழுதுங்கள்.

நம் ஊரில் ஜனாஸா தொழுகைக்கு முன், மையித்துக்கு யாரிடமேனும் கடன் பாக்கி இருந்தால் வாரிசுகளிடம் தெரிவிக்கலாம் என்று அறிவிக்கிறோம். என்றோ காலி செய்து வேறு ஊர் போன குடித்தனக்காரர் அந்த ஸஃப்பில் நிற்பதில்லை. அவருடைய பாக்கியை அங்கே சொல்ல எவரும் இல்லை. அதை உயிரோடு இருக்கும்போதே நாம்தான் தேடிப்போய்க் கொடுக்க வேண்டும்.

நான் தேடிப் போனேன். அவர் இப்போது கும்பகோணத்தில் இருக்கிறார். 6,000 ரூபாயைப் பெற்றுக்கொண்டார். மூன்று மாத வட்டி எவ்வளவு என்று கேட்டேன். "அது போகட்டும் பாய்" என்று சொல்ல மறுத்துவிட்டார். அந்தக் கணக்கு மட்டும் என்மீது இன்னும் நிற்கிறது. உங்களில் எவர்மீதும் அப்படியொரு கணக்கு நில்லாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.