முத்திரைப் படமும் மாக்கர் வண்ணமும்

கிளிநொச்சியில் எமது பாடசாலை மாணவி ஒருத்தி, அழிறப்பரில் யானையொன்றைச் செதுக்கி, அலுவலக ஊதா மையில் தோய்த்துப் பதித்தாள். மதுசார மாக்கரால் வண்ணந் தீட்டியதும் யானை கலங்கிப் போயிற்று. பிழை அவளுடையதன்று, மையை எடுத்துக் கொடுத்தவன் நானே.

நேயர்களே, அத்தகைய ஊதா மையில் வழக்கமாகச் சேரும் மெதயில் வயலெற் சாயம் மதுசாரத்தில் எளிதிற் கரையும். மாக்கரில் வண்ணத்தைச் சுமந்து வருவதும் மதுசாரமே. ஆகவே, கோடு மதுசாரத்திற் கரையாத மையாக இருத்தல் வேண்டும். ஆளிவிதை எண்ணெயிற் கரித்தூள் சேர்ந்த அச்சு மையை மெல்லியதாய்த் தடவிப் பதித்து, சில நாள் காயவிட்டால் கோடு அசையாது. பொறுமைதான் சிறுவர்க்குக் கடினம்!

தாள் வழுவழுப்பாய், நெருக்கமாய் இருப்பது நன்று. பிறிஸ்டல் மட்டை போதும். சொரசொரப்பான சித்திரத்தாளில் வண்ணம் கோட்டைத் தாண்டிப் பரவும். அடியில் பழந்தாளொன்றும் வையுங்கள்.

மாணவி மீண்டும் பதித்தாள். இம்முறை துதிக்கையின் சுருக்கங்களும் தெரிந்தன.